அடிபட்ட சைக்கிளில் மீண்டும் ஏறலாமா?

சைக்கிள் மோதி விழுந்த பிறகு, எந்தப் பாகம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், ஓட்டத்தின் நடுவில் அந்தப் பாகம் உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கேரியரோ ஸ்டாண்டோ வளைந்திருந்தால், அது சக்கரத்தில் உரசாத வரை கவலையில்லை. முன் சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க், ஹேண்டில்பார், அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம், முன் சக்கரம் ஆகியவற்றில் ஒன்று முறிந்தால் காலை ஊன்றக்கூட நேரம் இருக்காது. ஆகவே இவற்றைப் பொறுத்தவரை சந்தேகம் எழுந்தாலே ஓட்டக்கூடாது. முன் மட்கார்டையும் அற்பமாக நினைக்க வேண்டாம். அதன் தாங்குகம்பி கழன்று சக்கரத்துக்குள் புகுந்தால் சைக்கிள் குப்புறக் கவிழும்.

அடுத்து, பாகம் எதனால் செய்யப்பட்டது என்று அறிய வேண்டும். காந்தம் ஒட்டினால் எஃகு. எஃகு பெரும்பாலும் முறிவதற்கு முன் வளைந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியத்தில் ஏற்பட்ட சிறு கீறலோ மடிப்போ ஒவ்வொரு குலுக்கலிலும் சிறிது சிறிதாக விரிசலாக வளர்ந்து, ஒரு நாள் முன்னறிவிப்பின்றி முறியக்கூடும். வளைந்த அலுமினிய ஹேண்டில்பாரை நிமிர்த்திப் பயன்படுத்துவது கூடவே கூடாது. கார்பன் இழைகளை அடுக்கிச் செய்த பாகத்தில் மேலே சிராய்ப்பு மட்டும் தெரிய, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். நாணயத்தால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் மந்தமான ஒலி எழுந்தால் சேதம் இருக்கக்கூடும். ஆனால் தெளிவான ஒலியை நம்பி ஏறிவிட முடியாது.

நேருக்கு நேர் மோதிய சைக்கிளில், ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்புறக் குறுங்குழாயில் இருந்து சோதனையைத் தொடங்குங்கள். சில அடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது, ஃபோர்க்கின் கால்கள் அந்தக் குழாயின் கோட்டைவிடப் பின்னோக்கி மடங்கியிருந்தால் அந்த ஃபோர்க் கெட்டுவிட்டது. குறுங்குழாயை ஒட்டி, அங்கிருந்து பெடல் பக்கம் சரிந்திறங்கும் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் விரலை மெல்ல ஓட்டினால், கண்ணுக்குப் படாத புடைப்பும் பெயின்ட்டின் சுருக்கமும் கையில் தட்டுப்படும். அவை இருந்தால் ஃப்ரேமே வளைந்திருக்கிறது என்று பொருள். பிறகு முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை இருபுறமும் திருப்புங்கள். ஓரிடத்தில் இறுகி மற்றோரிடத்தில் தளர்ந்தால், உள்ளிருக்கும் தண்டு வளைந்திருக்கலாம். எஃகு ஃபோர்க்கைக் கடையில் நெம்பி நிமிர்த்தித் தருவதுண்டு. புது ஃபோர்க்கின் விலை முன்பல் கட்டும் செலவைவிடக் குறைவு என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது, அது பெயின்ட்டின் கீறலா உலோகத்தின் விரிசலா என்ற குழப்பம் வந்தால், அந்த இடத்தின் பெயின்ட்டைச் சிறிது சுரண்டி எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் பொடியில் கசிந்து கருத்த கோடாகத் தெரியும். ரிம்மிலோ பிரேக் கட்டையிலோ எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிராங்கில் பெடல் திருகும் துளையைச் சுற்றியும், சீட் குழாய் ஃப்ரேமோடு சேரும் இடத்திலும் இதைச் செய்து பார்ப்பது நல்லது. விரிசல் உறுதியானால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்தப் பாகத்தைக் கழற்றிவிடுங்கள். வளர்கிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

பின் சக்கரத்தில் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம். 36 போக்ஸ் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தால், அதைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிக் கட்டி, ரிம் எங்கும் உரசவில்லை என்று சுழற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கடை வரை ஓட்டிச் செல்லலாம். ரிம்மில் விரிசல் இருந்தாலோ, டயரின் பக்கவாட்டில் நூல் தெரிந்து புடைத்திருந்தாலோ, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.