"ஏற்கெனவே டிமென்ஷியா இருக்கிறதே": முதியோர் வார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதியோர் வார்டுக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களையும் செவிலியர்களையும் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. அவர்கள் செய்வதில் பாதி ஒரு காலத்தில் நானும் செய்ததுதான். மாத்திரை நேரத்தை மறப்பது, கட்டில் சக்கரத்தைப் பூட்டாமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை திட்டு வாங்கினால் அதெல்லாம் சரியாகிவிடும். திட்டு வாங்கியும் மாறாத சில உண்டு. வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அவை பொருந்தும்.

## "ஏற்கெனவே டிமென்ஷியா இருக்கிறதே"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும்.

எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி. அல்சைமர் என்று முன்பே தெரிந்தவர்; நினைவும் சிந்தனையும் மெல்ல மெல்லத் தேயும் டிமென்ஷியாவில் அது ஒரு வகை. இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தார். வந்த அன்று ஓயாத பேச்சு. மகளைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு ஒரே அதட்டல். மறுநாள் ஆள் அடங்கிவிட்டார். கூப்பிட்டால் கண்ணைத் திறப்பார், உடனே மூடிக்கொள்வார். ஊட்டியதை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தார். இரவுப் பணிக் குறிப்பில் 'நோயாளி அமைதியாக உறங்கினார்' என்று எழுதியிருந்தார்கள். மகள் மட்டும், "எங்கம்மா இப்படி இருக்கவே மாட்டாங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பயிற்சி மருத்துவர் சொன்ன பதில்: "டிமென்ஷியா முற்றினால் இப்படித்தான்மா."

அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்திருந்தால் போதும். சிறுநீர்ப்பை நிரம்பித் தொப்புள் வரைக்கும் வந்திருந்தது. முந்தைய இரவு தூக்கம் வரட்டும் என்று யாரோ டைஃபென்ஹைட்ரமைன் எழுதியிருந்தார்கள். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற பழைய மருந்துதான். வயதானவர்களுக்கு அது சிறுநீரையும் அடைக்கும், மூளையையும் குழப்பும். மருந்தை நிறுத்தினோம், குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றினோம். சில நாளில் மகளுக்கு மறுபடி அதட்டல் விழ ஆரம்பித்தது.

அந்தப் பாட்டிக்கு வந்தது டெலிரியம், அதாவது உடம்பில் ஏற்பட்ட வேறு கோளாறால் திடீரென்று வரும் மூளைக் குழப்பம். டிமென்ஷியா மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஏறும். டெலிரியம் மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாளில் வந்து இறங்கும். ஆகவே நேற்று இருந்தவர் இன்று வேறு ஆளாகத் தெரிந்தால் அதற்கு டிமென்ஷியாவைக் காரணம் சொல்ல முடியாது. புதிதாக ஏதோ நடந்திருக்கிறது. என் எரிச்சலுக்குக் காரணம் இதுதான்: டெலிரியம் வருவதற்கான ஆபத்துக் காரணிகளில் முதல் வரிசையில் நிற்பதே டிமென்ஷியா. அது இருக்கிறது என்றால் சந்தேகம் கூட வேண்டும். இவர்கள் அதையே சந்தேகப்படாமல் இருப்பதற்குக் காரணமாக்குகிறார்கள்.

கத்துகிறவரை, ஊசிக்குழாயைப் பிடுங்குகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். அந்தப் பாட்டியைப் போல் சுருண்டு படுத்துவிடுகிறவர்தான் தப்பிப்போவார். அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லையே! படுத்தே கிடப்பதால் நுரையீரல் தொற்றும் படுக்கைப்புண்ணும் வந்து சேர்வதும் இவர்களுக்குத்தான்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். அமெரிக்க மருத்துவர் ஷேரன் இனோயி குழுவினர் 1990-இல் வெளியிட்ட முறையையே உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். மாற்றம் திடீரென்று வந்து ஏறி இறங்குகிறதா, கவனம் நிற்கவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். இந்த இரண்டோடு பேச்சு கோர்வையில்லாமல் இருந்தாலோ விழிப்புநிலை மாறியிருந்தாலோ டெலிரியம்தான். கவனத்தைச் சோதிக்க, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். ஞாயிறு, சனி என்று தொடங்கி நடுவில் நழுவிவிடுவார்கள். காலையில் தெளிவாகவும் மாலையில் குழம்பியும் இருப்பது இதன் இயல்பு. அதனால் காலை ரவுண்ட்ஸில் ஒருமுறை பார்த்துவிட்டு 'நன்றாக இருக்கிறார்' என்று எழுதாதீர்கள். போன வாரம் எப்படி இருந்தார் என்று வீட்டாரைக் கேளுங்கள். அந்தப் பதில் எந்தச் சோதனையையும் விட முக்கியம்.

அப்புறம் காரணத்தைத் தேடுங்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியமோ சர்க்கரையோ ஆக்சிஜனோ குறைவது, சொல்லத் தெரியாத வலி, மலச்சிக்கல், பக்கவாதம், திடீரென்று நிறுத்திய மது. புதிதாகத் தொடங்கிய மருந்தை எப்போதும் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றாக இருக்காது, இரண்டு மூன்று சேர்ந்திருக்கும். காரணம் சரியானாலும் மூளை தெளியச் சில வாரங்கள் ஆகலாம். சிலர் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் நான் சண்டை போடுவது அதனால்தான்.

## தூக்க மருந்தால் அடக்குவது

லோரசெபாம், டயஜெபாம் போன்றவை டெலிரியத்தை அதிகமாக்கும். மதுவையோ இதே வகை மருந்தையோ நிறுத்தியதால் வந்த குழப்பம் மட்டும் விதிவிலக்கு; அங்கே அவைதான் சிகிச்சை. மனநோய்க்குக் கொடுக்கிற ஹாலோபெரிடாலை எழுதும் முன், டிமென்ஷியாவில் இன்னொரு வகையான லூயி பாடி டிமென்ஷியா இருக்குமா என்று யோசியுங்கள். இல்லாத ஆட்களும் விலங்குகளும் கண்ணுக்குத் தெரிவது, உடல் விறைப்பு, தூக்கத்தில் கைகாலை வீசுவது என்று கதை வந்தால் அந்த மருந்து உயிருக்கே உலை வைக்கலாம்.

## கட்டிப்போடுவது

கூடாது.

## மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் டிராயரில் வைப்பது

கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் யாரால்தான் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்? எடுத்து மாட்டிவிடுங்கள்.

## மதிப்பெண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

நினைவையும் கவனத்தையும் கேள்வி கேட்டுப் பார்க்கிற, 1975-இல் வந்த எம்.எம்.எஸ்.இ. சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண். பள்ளிக்கே போகாதவர் 22 வாங்குவதும் பேராசிரியர் 27 வாங்குவதும் ஒன்றல்ல. பேராசிரியரைப் பார்த்துத்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். டெலிரியம் இருக்கும்போது எடுத்த மதிப்பெண்ணை வைத்து டிமென்ஷியா என்று எழுதவே கூடாது. அந்த முத்திரை கோப்பை விட்டுப் போகாது.

## மறதி இல்லையென்றால் டிமென்ஷியா இல்லை என்று நினைப்பது

அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். அவர் 1901-இல் பார்த்த, அந்த நோயின் முதல் நோயாளியான அகஸ்தே டீட்டர் என்ற பெண்ணுக்கு அப்போது வயது 51. முதலில் கண்ணில் பட்ட மாற்றம் கணவர் மீது வந்த சந்தேகம். மூளையின் முன்பகுதியும் பொட்டுப் பக்கத்துப் பகுதியும் தேயும் வகை டிமென்ஷியாவில் கூச்சநாச்சம் போவது, இரக்கம் வற்றுவது, பேச்சு தடுமாறுவதுதான் முதலில் வரும். மனநோய் என்றோ குடும்பச் சண்டை என்றோ வருடக்கணக்கில் சுற்றவிடுவார்கள்.

## ஸ்கேன் சொல்லிவிடும் என்று காத்திருப்பது

ஆரம்பக்கட்டத்தில் ஸ்கேன் வயதுக்கேற்றபடி இயல்பாகவே இருக்கலாம். ரத்தத்தில் பி12, தைராய்டு பார்த்தீர்களா? மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டீர்களா? நடையைப் பார்த்தீர்களா? கால் தரையில் ஒட்டியதுபோல் நடந்து, சிறுநீரும் அடக்க முடியாமல், யோசனையும் மந்தமானால் மூளையில் நீர் தேங்கியிருக்கலாம்; அதை வடிக்க வழி உண்டு. ஸ்கேனை அவசரமாக எடுக்க வேண்டிய இடமும் இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர் சில வாரங்களுக்கு முன் லேசாக விழுந்திருந்தார், இப்போது மந்தமாகிவிட்டார் என்றால் அன்றைக்கே எடுங்கள். மண்டைக்குள் கசிந்த ரத்தத்துக்கு, அடிபட்ட அன்று தலையில் ஒரு வீக்கம்கூட இருந்திருக்க வேண்டியதில்லை.