பழைய ஏசி கழட்டறதுக்கு முன்னாடி அதுல இருக்கற கேஸ என்ன பண்ணணும்

பழைய ஏசிய கழட்டும்போது நிறைய பேர் பண்றது என்னன்னா ஸ்பானர போட்டு நட்ட நேரா லூஸ் பண்ணிடறாங்க, புஸ்ஸுன்னு கேஸ் எல்லாம் வெளிய போகும், நட்டு மேல வெள்ளையா பனி படியும், வேலை முடிஞ்சுதுன்னு யூனிட்ட தூக்கிட்டு போயிடுவாங்க. உள்ள இருந்தது ஆர்-22ங்கற பழைய கூலிங் கேஸ்னா அதுல குளோரின் இருக்கு, மேல போன ஒரே ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறு வரைக்கும் உடைக்கும். தயவுசெஞ்சு அப்படி திறந்து விடாதீங்க.

முதல்ல சட்டம் என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. 1987ல போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தம் ஓசோன காப்பாத்தறதுக்கு, அதுப்படி சிஎஃப்சிங்கற குளோரின் கேஸ் வகையோட (ஆர்-12 மாதிரி) தயாரிப்ப வளர்ந்த நாடுங்க 1996லயும் வளரும் நாடுங்க 2010லயும் நிறுத்தியாச்சு. அதுக்கு பதிலா வந்த, ஓசோன கொஞ்சம் கம்மியா கெடுக்கற ஆர்-22 மாதிரி எச்சிஎஃப்சி வகைக்கு வளர்ந்த நாடுங்கள்ல 2020ஓட கிட்டத்தட்ட கதை முடிஞ்சுது, வளரும் நாடுங்களுக்கு 2025ல 67.5 சதவீதம் குறைக்கணும், 2030க்கு அப்புறம் சர்வீஸுக்குன்னு கொஞ்சூண்டு மட்டும்தான். ஆனா இதெல்லாம் புதுசா தயாரிக்கறதுக்கும் இறக்குமதிக்கும் போட்ட கட்டுப்பாடு, ஏற்கனவே மெஷினுக்குள்ள இருக்கற கேஸ் நம்ம கையிலதான் இருக்கு. எடுத்து சுத்தம் பண்ணி மறுபடி போடற கேஸ ஒப்பந்தம் தயாரிப்பு கணக்குலயே சேர்க்காது, அதனால பத்திரமா எடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் மதிப்பு இருக்கு.

இப்ப வேலைக்கு வருவோம். அவுட்டோர் யூனிட் பக்கவாட்டுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல கேஸ் பேரும் எடையும் போட்டிருக்கும். ஆர்-12, ஆர்-22ன்னா ஓசோன தின்னற கேஸ். ஆர்-410ஏ, ஆர்-32, ஆர்-134ஏ எல்லாம் ஓசோன தொடாது, ஆனா பூமிய சூடாக்கும், அதே மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு 2016ல வந்த கிகாலி திருத்தத்துல அதையும் குறைக்க சொல்லியாச்சு, அதனால அதையும் திறந்து விடக்கூடாது.

கம்ப்ரஸர் ஓடுதுன்னா டெக்னீஷியன பம்ப் டவுன் பண்ண சொல்லுங்க, அதாவது கேஸ் மொத்தத்தையும் அவுட்டோர் யூனிட்டுக்குள்ள இழுத்து அடைக்கறது. தடி பைப் பக்கம் பிரஷர் கேஜ் மாட்டி, கூலிங்ல ஓடவிட்டு, மெல்லிசு பைப் வால்வ ஆலன் கீயால முழுசா மூடணும், கேஜ் முள்ளு இறங்கி பூஜ்யத்த நெருங்கும்போது தடி பைப் வால்வையும் மூடிட்டு உடனே பவர் ஆஃப். கேஸ் எல்லாம் அவுட்டோர்லயே தங்கிடும். முள்ளு பூஜ்யத்துக்கு கீழ போனப்புறமும் ஓட்டிட்டே இருக்கறது, இல்ல பைப்ப கழட்டிட்டு ஓட்டறது ரெண்டும் ஆபத்து, காத்து உள்ள போனா கம்ப்ரஸர் வெடிக்கவும் வாய்ப்பு இருக்கு, இதுல அவசரமே கூடாது.

கம்ப்ரஸர் செத்துடுச்சுன்னா கேஸ வெளிய இழுத்து சிலிண்டர்ல ஏத்தற ரெக்கவரி மெஷின் வேணும். கேஸ ரெக்கவரி சிலிண்டர்லதான் பிடிக்கணும், ஒருதடவை யூஸ் பண்ணி தூக்கி போடற சிலிண்டர்ல திருப்பி அடைக்கவே கூடாது. தராசு மேல வச்சு சிலிண்டர் கொள்ளளவுல 80 சதவீதத்தோட நிறுத்தணும், வெயில் ஏறினா உள்ள திரவம் விரியும், இடம் இல்லன்னா சிலிண்டர் தாங்காது.

இதுல நான் ரொம்ப அழுத்தி சொல்றது ஒண்ணு இருக்கு, ஒரு சிலிண்டர்ல ஒரே கேஸ்தான். ஆர்-22 கூட கொஞ்சம் 410ஏ கலந்துட்டா பிரிக்கறது ரொம்ப கஷ்டம், பெரும்பாலும் அந்த சிலிண்டர்ல இருக்கற மொத்த கேஸும் எரிக்கத்தான் போகும். சுத்தமா இருந்தா ஆயில பிரிச்சு, ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கற ஃபில்டர் ட்ரையர்ல விட்டு திரும்ப யூஸ் பண்ணலாம், அதுதான் ரீசைக்கிள். லேப்ல டெஸ்ட் பண்ணி புது கேஸ் தரத்துக்கு கொண்டு வர்றது ரீக்ளெய்ம், வேற ஆளோட மெஷினுக்கு போடறதுன்னா இதுதான் சரி. சிலிண்டர் மேல கேஸ் பேர், எடை, தேதி எழுதி ஒட்டிடுங்க, ஒரு மாசம் கழிச்சு உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பழைய ஃப்ரிட்ஜ்ல இன்னொரு விஷயம், கேஸ் பைப்ல மட்டும் இல்ல, சுவருக்குள்ள இருக்கற ஃபோம்லயும் சிஎஃப்சி-11 இருக்கலாம். அத உடைச்சு பிச்சு எறியாம, ஃபோம் கேஸையும் பிடிக்கற ரீசைக்கிள் இடத்துக்கு ஃப்ரிட்ஜ முழுசா குடுங்க.

ஆர்-22 கிடைக்கலன்னு அந்த ஏசில 410ஏ ஏத்தறேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, பிரஷர் அறுபது சதவீதம் வரைக்கும் கூட இருக்கும், ஆயிலும் வேற. லீக்க கண்டுபிடிச்சு அடைச்சுட்டு ரீக்ளெய்ம் பண்ண ஆர்-22 போட சொல்லுங்க. லீக் அடைக்காம வருஷா வருஷம் டாப் அப் பண்றதும் திறந்து விடறதும் ஒண்ணுதான், மெதுவா போகுது அவ்வளவுதான்.