இயேசு சபைக் கற்பித்தல் மரபும் கற்றல் ஆய்வும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயேசு சபையின் கற்பித்தல் மரபையும் இன்றைய கற்றல் ஆய்வையும் வகுப்பில் இணைக்க முயலும் புதிய ஆசிரியர்கள் சில தவறுகளைச் செய்கிறார்கள். மரபின் பெயர்களை ஸ்லைடில் போடுவது, எதற்கெடுத்தாலும் சபையை நிறுவிய இக்னேஷியஸை இழுப்பது போன்றவை தானாகவே சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படி அல்ல.

ஆசிரியரே திரும்பச் சொல்வது

புதியவர்கள் ஆண்டுதோறும் செய்யும் தவறு, எரிச்சலூட்டும் தவறும் இதுதான். 1599-இல் வெளியான ‘ராட்சியோ ஸ்டுடியோரும்’ என்ற இயேசு சபைக் கல்விக்கூடங்களின் விதிநூல், தத்துவ வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் பத்துப் பத்துப் பேராக உட்கார்ந்து, கேட்டதை அரை மணி நேரம் தங்களுக்குள் சொல்லிப் பார்க்கச் சொல்கிறது. வாய் திறக்க வேண்டியவர் மாணவர். நம் வகுப்புகளிலோ கடைசிப் பத்து நிமிடம் ஆசிரியர் ஸ்லைடுகளை மறுபடி ஓட்டுகிறார், எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

அந்தத் தலையாட்டல்தான் ஏமாற்றுகிறது. 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட சோதனையில், உரைப்பகுதியைத் தொடர்ந்து படித்த குழு ஐந்து நிமிடம் கழித்து 83% நினைவுகூர்ந்தது. ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிய குழு 71%தான். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்த குழு 40%, எழுதிய குழு 61%. வகுப்பு முடிந்த கையோடு அளந்தால் தவறான முறையே ஜெயிக்கும்.

50 நிமிட வகுப்பில் பாடத்தை 38-ஆம் நிமிடத்தில் நிறுத்துங்கள். நோட்டை மூடச் சொல்லி, மூன்று நிமிடம் நினைவிலிருந்து எழுதவிடுங்கள். ஐந்து நிமிடம் நால்வர் குழுவில் ஒப்பிடட்டும். மீதி நான்கில் நோட்டைத் திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேர்க்கட்டும். நோட்டை முதலிலேயே திறந்தால் அது வெறும் நகலெடுப்பு. மதிப்பெண்ணும் வேண்டாம், போட்டால் பக்கத்து இலையை எட்டிப் பார்ப்பார்கள். கீழ்வகுப்புகளுக்கு விதிநூல் வைத்த சனிக்கிழமை மறுபயிற்சியையும் விட்டுவிடாதீர்கள்: வாரம் ஒருமுறை பழைய பாடக் கேள்விகள் கலந்து வரட்டும்.

‘அவர்களுக்கு அன்றே தெரியும்’

இன்றைய ஆய்வு சொல்வது அந்த விதிநூலை எழுதியவர்களுக்கு அன்றே தெரியும் என்பார்கள் சிலர். தெரியாது. அவர்கள் நடைமுறை ஆய்வோடு ஒத்துப்போகிறது, அவ்வளவே.

போட்டி

மாணவரை மாணவரோடு மோதவிட்ட பழைய வழக்கத்தை அப்படியே கொண்டுவராதீர்கள்.

உணர்ச்சிக் கட்டுரை

1993-இன் இக்னேஷியக் கற்பித்தல் மாதிரியில் ஐந்து கூறுகள்: சூழல், அனுபவம், சிந்தனை, செயல், மதிப்பீடு. பலர் மூன்றாவதோடு நின்று, ‘இந்த வாரம் என்ன உணர்ந்தீர்கள்?’ என்று கேட்கிறார்கள். ஆசிரியருக்குப் பிடித்த பதில்களே வந்து குவிகின்றன. தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுத்து, ‘எந்த வரியில் பிசகினீர்கள்? அடுத்த முறை எதை முதலில் சரிபார்ப்பீர்கள்?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலை அடுத்த தேர்வுக்கு முன்தினம் அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.