ஸ்லே ஹெட் கடற்கரை: அரை நாள் பஸ் சுற்றுலாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி மாவட்டத்தில், டிங்கிள் தீபகற்பம் அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் நுனியைச் சுற்றி வரும் சாலைதான் ஸ்லே ஹெட் டிரைவ். டிங்கிள் ஊரில் கிளம்பி அங்கேயே வந்து முடியும். மொத்தமே ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். காலையில் வழிகாட்டியோடு பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அரை நாள்தானே என்று பலரும் எந்த யோசனையும் இல்லாமல் ஏறிவிடுகிறார்கள். அரை நாள் என்பதால்தான் யோசிக்க வேண்டும். ஓர் இடத்தில் பத்து, பதினைந்து நிமிடம்தான் நிற்பார்கள். விட்டதைப் பிடிக்க நேரம் இருக்காது.

முதலில் சீட். பஸ்கள் இந்தச் சாலையில் கடிகாரச் சுற்றாகத்தான் போகும். சாலை குறுகல், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் செங்குத்துச் சரிவு. எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. அப்படிச் சுற்றும்போது கடல் எப்போதும் இடது கையில் வரும். அதனால் இடப்பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். டிரைவருக்குப் பின்னால் வலப்பக்கம் உட்கார்ந்தால் கல் சுவரையும் ஆடுகளையும்தான் அதிகம் பார்ப்பீர்கள். வளைவுகள் நிறைய என்பதால், வயிறு புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வது நல்லது. அயர்லாந்துக் காலை உணவு கனமானது. முட்டை, பன்றி இறைச்சி, சாசேஜ் என்று முழுத்தட்டையும் முடித்துவிட்டு நேரே பஸ் ஏற வேண்டாம்.

கில்லார்னியில் தங்கிக்கொண்டு இதை அரை நாளில் முடிக்கலாம் என்று திட்டம் போடுவது இன்னொரு தவறு. அங்கிருந்து டிங்கிள் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முந்தின இரவே டிங்கிளுக்கு வந்துவிடுங்கள். டிசம்பரில் போகிறவர்கள் மதியப் பயணத்தை எடுக்கவே வேண்டாம். நாலரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும்.

அப்புறம் குடை. இங்கே மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து அறையும். ஸ்லே ஹெட் முனையில் வெள்ளைச் சிலுவைச் சிற்பம் இருக்கும் திருப்பத்தில் நாங்கள் இறங்கியபோது, முன்னால் நின்ற ஓர் அம்மா குடையை விரித்தார். காற்று அதை உள்வெளியாகத் திருப்பி, கம்பிகளைத் துணியிலிருந்து பிய்த்து எடுத்துவிட்டது. தொப்பி வைத்த மழைக்கோட்டும், அடி வழுக்காத ஷூவும் போதும். ஜூலை மாதம் என்றாலும் உள்ளே ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். மூடுபனியைப் பார்த்து, காலையில் டிக்கெட்டை ரத்து செய்துவிடாதீர்கள். ஊரில் ஒன்றும் தெரியாத நாளில்கூட முனையைச் சுற்றியதும் வெளுத்துவிடலாம். கால் மணி நேரத்தில் வானம் மாறும் இடம் இது.

உயிருக்கே ஆபத்தான தவறுகள் கூமினூல் கடற்கரையில்தான் நடக்கும். செங்குத்தான பாதையில் இறங்கிப் போனால் பாறைகளுக்கு நடுவே பொன்னிற மணல், பச்சை நீர். பார்த்தவுடன் காலை நனைக்கத் தோன்றும். நீரோட்டம் அங்கே மிக வலுவானது, அலை சொல்லாமல் ஏறும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்காதீர்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள். மேலே பாறை விளிம்புகளிலும் இதே கவனம் வேண்டும். புல் விளிம்பு வரை பசுமையாக, உறுதியாகத் தெரியும். அடியில் மண் அரித்துப்போய் வெறும் புல்விரிப்பு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

இதற்குப் பக்கத்தில் இருக்கும் டன்மோர் ஹெட்தான் அயர்லாந்துப் பெருநிலத்தின் மேற்குக் கோடி. அங்கே எதிரே கடலில் பிளாஸ்கெட் தீவுகள் தெரியும். அரை நாள் பயணத்தில் தீவுக்கும் போய் வரலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குப் படகு வேண்டும், கடல் சம்மதிக்க வேண்டும், தனியாக ஒரு நாள் வேண்டும். ஆனால் அந்தத் தீவின் கதை தெரியாமல் வெறும் பின்னணியாக அதைப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைத்தான் நான் பெரிய இழப்பு என்பேன். பெரிய பிளாஸ்கெட்டில் ஒரு காலத்தில் 150 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். ஐரிஷ் மட்டுமே பேசினார்கள், மீன் பிடித்தார்கள், ஆடு வளர்த்தார்கள். இளையவர்கள் ஒவ்வொருவராக அமெரிக்கா போனார்கள். 1947 தொடக்கத்தில் ஓர் இளைஞன் மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது, கடல் கொந்தளிப்பால் டாக்டரும் வர முடியவில்லை, பாதிரியாரும் வர முடியவில்லை. அவன் இறந்துபோனான். அதே ஆண்டு, புயலில் மாட்டிக்கொண்டோம், உணவு அனுப்புங்கள் என்று பிரதமர் டி வலேராவுக்குத் தந்தி போனது. 1953 நவம்பர் 17 அன்று, மிஞ்சியிருந்த 22 பேரை வெளியேற்றும் வேலை தொடங்கியது. இன்றும் வானம் தெளிந்த நாளில் கூரையில்லாத அந்த வீடுகள் கரையிலிருந்து தெரியும். டன்கின் ஊரில் உள்ள பிளாஸ்கெட் மையத்தில் பஸ் நின்றால், கழிப்பறைக்கும் காபிக்கும் மட்டும் என்று எண்ணாமல் உள்ளே ஒரு சுற்று வாருங்கள். வடக்கே தனியாக ஒரு தீவு, மனிதன் மல்லாந்து படுத்திருப்பதைப் போல இருக்கும். தலை, வயிறு, பாதம் எல்லாம் தெரியும். உள்ளூர்க்காரர்கள் அதை இறந்த மனிதன் என்கிறார்கள்.

டன்கின் படகுத்துறைக்குப் பாம்புபோல் வளைந்து இறங்கும் பாதையைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இறங்கும்போது சுகமாக இருக்கும், ஏறும்போது மூச்சு வாங்கும். பதினைந்து நிமிடம் கொடுத்தால் ஐந்து நிமிடம் இறங்க, பத்து நிமிடம் ஏற என்று கணக்கு வையுங்கள். ஒருவர் தாமதித்தால் பஸ் முழுவதும் காத்திருக்கும், அடுத்த நிறுத்தத்தின் நேரம்தான் குறையும்.

பெயர்ப்பலகையைப் பார்த்துக் குழம்புகிறவர்களும் உண்டு. இது ஐரிஷ் பேசும் பகுதி, பலகைகள் ஐரிஷில் மட்டுமே இருக்கும். மேப்பில் தேடும் ஆங்கிலப் பெயர் அவற்றில் இருக்காது. ட்ரா என்றால் மணற்கரை, டூன் என்றால் கோட்டை. இந்த இரண்டு சொல் தெரிந்தாலே பாதிப் பலகைகள் புரிந்துவிடும். இறங்கும்போது வழிகாட்டிக்கு 'குரா மஹ அகத்' என்று நன்றி சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் சொல்வதைவிட அவர் முகம் மலரும்.

ஃபஹான் சரிவில் குதிர் வடிவில் நிற்கும் கல் குடில்கள் தனியார் நிலத்தில் உள்ளன. சிறு கட்டணம் கேட்பார்கள், சில்லறை யூரோ வைத்திருங்கள். சாந்து இல்லாமல் அடுக்கிய கற்கள் அவை. சுவரில் ஏறவோ, ஒரு கல்லை அசைத்துப் பார்க்கவோ கூடாது.

கடைசியாக காலரஸ் ஜெபக்கூடம். அங்கே வருவதற்குள் எல்லோரும் களைத்திருப்பார்கள். நான் சீட்டிலேயே இருக்கிறேன் என்று சிலர் சொல்லிவிடுவார்கள். அப்படி இருந்துவிடாதீர்கள். கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி, சாந்தே இல்லாமல், ஒவ்வொரு கல்லையும் முந்தினதைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மழை நீர் வெளியே வழியும்படி லேசாகச் சாய்த்து அடுக்கியிருக்கிறார்கள். எந்த நூற்றாண்டு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எப்படிப் பார்த்தாலும் எண்ணூறு ஆண்டுகளுக்குக் குறையாது. குனிந்து உள்ளே போனதும், காலையிலிருந்து காதில் அடித்துக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்றுவிடும். எதிர்ச்சுவரில் ஒரே ஒரு சின்ன ஜன்னல். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும்.