போர்ட்டல் இருந்தும் போன் ஓயாதது ஏன்?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அலுவலகம், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள். அவற்றைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு உள்வலை போர்ட்டல் (ஊழியர்களுக்கு மட்டுமான இணையதளம்) அமைத்தவர்களில் நானும் ஒருவன். கீழே உள்ள தவறுகளில் பாதி நாங்களே செய்தவை.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. அந்த மாதங்களில் ஒரு காற்றாலை நின்றால் நிற்கிற நேரமெல்லாம் நஷ்டம். கோபுரத்தடியில் நிற்கிற டெக்னீஷியனுக்கு ஒரு பிழை எண்ணின் அர்த்தம் தெரிந்தால் போதும். எங்கள் போர்ட்டலைத் திறந்தாலோ முதலில் எம்.டி.யின் வாழ்த்து, அப்புறம் ஆயுத பூஜைப் படங்கள். டெக்னீஷியன் போர்ட்டலை மூடிவிட்டு ஸ்டோர் அண்ணாச்சிக்குப் போன் அடிப்பார்: "அண்ணாச்சி, இந்த எர்ரர் வருது, என்ன செய்ய?"

முகப்பை முதலாளிக்காக அமைத்ததுதான் முதல் தவறு. ஒரு வாரம் அண்ணாச்சிக்கு வந்த கேள்விகளை நோட்டில் குறித்தோம். பிழை எண், உதிரிபாக எண், பெட்ரோல் படி, லீவு: திரும்பத் திரும்ப இவையேதான். முகப்பில் இருக்க வேண்டியவையும் இவையே.

அடுத்தது ஃபோல்டர்கள். மாவட்டவாரியாகப் பிரித்து வைத்திருந்தோம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. ஆலங்குளம், சங்கரன்கோவில் கோப்புகளில் பாதி இங்கே, பாதி அங்கே. நிர்வாக எல்லை மாறும், துறைப் பெயரும் மாறும். செய்கிற வேலையை வைத்துப் பிரித்தால் இந்தத் தொல்லை குறைவு.

நிறையப் பேர் கவனிக்காதது தேடல். பழைய சுற்றறிக்கைகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி! இன்று போனிலும் கணினியிலும் பொதுவாக இருக்கும் யூனிகோடு முறையில் தட்டித் தேடினால் எப்படிக் கிடைக்கும்? தமிழக அரசே 2010இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது. பழையதை மாற்றியே ஏற்றுங்கள். ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம்தான். எழுத்துணரி மென்பொருளில் போட்டு எடுக்காவிட்டால் அதற்குள்ளும் தேட முடியாது. இன்னொன்று, ஒருவர் 'காற்றாலை' என்பார், ஒருவர் 'காத்தாடி', இன்னொருவர் 'விண்ட்மில்'. மூன்றையும் குறிச்சொற்களாகப் போட்டு வையுங்கள்.

'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் இதுதான்' என்று மூன்று கோப்புகள் கிடந்தால் எதை நம்புவது? போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற கணக்கு பழைய கோப்பில் வேறாக இருந்தால் அது ஆபத்து. ஒவ்வொரு பக்கத்திலும் பொறுப்பாளர் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்கட்டும். பழையதைப் பார்வையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

போனில் சரியாகத் திறக்காத போர்ட்டல் களத்தில் இருப்பவருக்கு இல்லாத போர்ட்டல்தான். இதில் விளக்க ஒன்றுமில்லை.

வாட்ஸ்அப் குழுவை ஒழிக்கப் பார்ப்பதும் வீண் வேலை. நாங்கள் முயன்று தோற்றோம். பதிலைப் போர்ட்டலில் எழுதிவிட்டு, அதன் இணைப்பைக் குழுவில் போடுவதே நடைமுறை. எழுதும் அனுமதி மனிதவளத் துறையிடம் மட்டும் இருந்தால் அதுவும் நடக்காது. அண்ணாச்சிக்கும் அனுமதி கொடுத்தோம். இப்போதும் அவருக்குப் போன் வருகிறது. "போர்ட்டல்ல போட்டிருக்கேன், பாருல" என்று வைத்துவிடுகிறார்.