மெலிந்த பிள்ளையைத் தேற்றும்போது செய்யும் தவறுகள்

முதல் இரண்டு வயதுக்குள் ஏறும் எடையில் கணிசமான பங்கு உயரத்துக்கும் தசைக்கும் போகிறது. நான்கைந்து வயதில் உயரம் நகராமல் எடை மட்டும் ஏறினால் அதில் பெரும்பகுதி கொழுப்பு. தாயின் வயிற்றிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் சத்துக் குறைந்த உடலில் தசை குறைவு. ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ள வேண்டியதே தசைதான். அது குறைந்த உடலில் கொழுப்பு மட்டும் ஏறினால் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடும்.

டெல்லியில் பிறப்பிலிருந்து அளந்துவந்த சுமார் 1,500 பேரை 26-32 வயதில் பரிசோதித்த முடிவு 2004இல் வெளியானது. சர்க்கரை நோயோ அதன் முந்தைய நிலையோ வந்தவர்கள் பொதுவாக இரண்டு வயதுவரை ஒல்லியாக இருந்து, பிறகு உயரத்துக்கு மேல் எடை ஏறியவர்கள். ஆனால் 12 வயதில் அவர்களில் யாரும் குண்டாக இல்லை! கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே பெரிய தவறு, தராசை மட்டும் நம்புவது. ஐந்து வயதுப் பையன் 100 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதுக்கு நடுத்தர உயரம் 110, இவன் குட்டை. வயதுக்கான நடுத்தர எடை 18 கிலோ என்று வளர்ச்சி அட்டையில் பார்த்து, பாலில் மால்ட் பவுடரும் சர்க்கரையும் கலந்து, பிஸ்கட் கொடுத்து அவனை 18க்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? 100 செ.மீ. உயரத்துக்கு ஏற்ற எடை 15 கிலோ சொச்சம்தான். 18ல் அவன் ‘அதிக எடை’ எல்லையை நெருங்கிவிடுவான், குட்டையாகவே இருந்துகொண்டு. எடையோடு உயரத்தையும் அளந்து, உயரத்துக்கேற்ற எடையைப் பாருங்கள். இரண்டு வயதுக்குள் படுக்கவைத்தும், பிறகு நிற்கவைத்தும் அளக்க வேண்டும்.

அடுத்தது கஞ்சி. ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு வேண்டும். 6-8 மாதத்தில் அதிலிருந்து நாளுக்குச் சுமார் 200 கலோரி, ஒரு வயதுக்கு மேல் 550. தண்ணீராக ஓடும் கஞ்சியில் வயிறு நிரம்பும், கலோரி சேராது. கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதம் வேண்டும். குழைத்த சாதம், பருப்பு, மசித்த முட்டை அல்லது மீன், ஒரு தேக்கரண்டி எண்ணெய் (அதிலேயே 45 கலோரி). இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்க்காதீர்கள், சத்துமாவிலும்கூட. காய்ச்சல், பேதி வந்தால் பட்டினி போடக் கூடாது. தேறிய பின் இரண்டு வாரம் தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘பின்னால் சர்க்கரை வருமே’ என்று மெலிந்த குழந்தைக்குச் சாப்பாட்டைக் குறைப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழ் இருந்தாலோ, இரு பாதங்களும் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம்; அன்றே மருத்துவமனை.

வளர்ந்தவர்கள் ‘ஒல்லியாகத்தானே இருக்கிறேன்’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீடு (BMI: கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 23 தாண்டினாலே கவனிக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் கீழ் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி, வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் முப்பது வயதிலிருந்தே பார்த்துவருவது நல்லது.