மெஷினுக்கு டச் ஸ்கிரீன் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஓசூர் சிப்காட் பக்கம் மெஷின் கட்டுகிறவர்களிடம் மெஷினை இயக்கவும் கண்காணிக்கவும் வைக்கும் டச் ஸ்கிரீனைக் காட்டி, "இந்த ஹெச்எம்ஐ ஸ்கிரீனை எப்படிப் பார்த்து எடுத்தீர்கள்?" என்று கேட்டால், "ஏழு இன்ச் போதும்னு போட்டோம்" என்பார்கள். அளவு, விலை, அதோடு பேச்சு முடிந்தது. மெஷின் எங்கே நிற்கும், எந்தக் கை அதைத் தொடும் என்ற யோசனை, ஸ்கிரீன் போன பிறகுதான் வரும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் நான் பார்த்தது இது. கன்ட்ரோல் பெட்டியின் முகப்பான பேனலில் ஐபி65 ஸ்கிரீன். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் எண்தான் ஐபி: முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஷிஃப்ட் முடிந்ததும் ஹோஸ் பிடித்து எல்லாவற்றையும் கழுவுவார்கள். சில நாட்களிலேயே கண்ணாடிக்குள் ஆவி பிடித்துவிட்டது. "ஐபி65ன்னு சொல்லித்தானே கொடுத்தான்!" என்று முதலாளிக்குக் கோபம். கேட்லாக் பொய் சொல்லவில்லை. அந்த 65 முன்பக்கத்துக்கு மட்டும்தான். பின்பக்கம் பெரும்பாலும் ஐபி20. முன்பக்கம் தாங்க வேண்டுமென்றாலும் ஓரத்து ரப்பர் கேஸ்கெட் பேனல் தகட்டோடு ஒட்டி உட்கார வேண்டும். அங்கே ஸ்கிரீனைப் பொருத்தும் ஓட்டையை (கட்அவுட்) கிரைண்டரால் அறுத்திருந்தார்கள், கீழ் ஓரம் அலை அலையாக இருந்தது. போட வேண்டிய கிளாம்புகளில் இரண்டு பெட்டிக்கு அடியில் கிடந்தன.

65இல் உள்ள அந்த 5, 6.3 மி.மீ. நாசிலில் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீச்சிப் பார்க்கும் சோதனை. 66 என்றால் 12.5 மி.மீ. நாசிலில் 100 லிட்டர். பிரஷர் வாஷரும் சுடுதண்ணீரும் உண்டென்றால் ஐபி69கே கேளுங்கள். இல்லையென்றால் பேனலையே தண்ணீர் படாத இடத்துக்குத் தள்ளி வையுங்கள். செலவு குறைவு, ஆனால் ஏனோ யாருக்கும் இது தோன்றுவதில்லை.

மாங்கூழ் ஆலைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. சீசன் சில மாதங்கள்தான், மற்ற நாளெல்லாம் மெயின் ஆஃப். சில மாடல்களில் ரெசிபி அளவுகளும் கடிகாரமும் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியை நம்பியே நிற்கும். அடுத்த சீசனுக்கு ஆன் செய்தால் போட்டு வைத்த அளவெல்லாம் பூஜ்யம். பேட்டரி இல்லாமலே நினைவில் வைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது டச். செல்போன் மாதிரி வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டு கெபாசிடிவ் வாங்குகிறார்கள். பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் போடுகிற இடத்தை நினைத்துப் பாருங்கள்: தண்ணீரும் கல்மாவும் சேர்ந்த சேறு, கையில் தடித்த ரப்பர் கிளவுஸ். ரெசிஸ்டிவ் என்றால் அழுத்தினால் போதும், எந்தக் கிளவுஸும் சரி. சாதாரண கெபாசிடிவில் கிளவுஸ் வேலை செய்யாமல் போகலாம், தண்ணீர்த் துளியே பட்டனை அமுக்கவும் செய்யலாம். ரெசிஸ்டிவுக்கும் குறை உண்டு. கல்தூசியோடு பனியன் வேஸ்ட்டால் துடைத்தால் எமரித் தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான். மேலே மாற்றக்கூடிய பிலிம் ஒட்டி, அடிக்கடி அமுக்கும் ஸ்டார்ட், ஸ்டாப்பை நிஜ பட்டனாகவே வையுங்கள். எமர்ஜென்சி ஸ்டாப் மட்டும் எக்காரணம் கொண்டும் ஸ்கிரீனுக்குள் போகக்கூடாது. சிவப்புக் குடை பட்டன், நேரடி வயரிங், அவ்வளவுதான்.

வெளிச்சம், சூடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை வெயில் ஷட்டர் வழியாக நேரே விழும் இடத்தில் 300 நிட்ஸ் (ஸ்கிரீன் வெளிச்சத்தின் அளவு) ஸ்கிரீன் வெறும் கண்ணாடிதான். 700க்கு மேல் பாருங்கள். கேட்லாகில் போட்டிருக்கும் 50 டிகிரி, ஸ்கிரீனைச் சுற்றியுள்ள காற்றின் சூடு. தகரக் கூரை, தர்மபுரி ஏப்ரல், அதே பெட்டிக்குள் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஒன்று என்றால் உள்ளே எவ்வளவு இருக்கும்? ஸ்கிரீனுக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டின் ஆயுள் 30,000 மணி நேரம் என்றால் மூன்று ஷிஃப்ட் ஓட்டத்தில் மூன்றரை வருடம்கூட வராது.

தமிழைப் பற்றி விற்பவரிடம் கேட்டால் "யூனிகோட் இருக்கு சார்" என்பார். கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும்போது அழகாகத் தெரியும். ஸ்கிரீனில் ஏற்றினால் 'பெல்ட்' என்ற சொல்லில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் 'கொதிகலன்', 'மோட்டார் வெப்பம்' என்று அடித்து ஸ்கிரீனிலேயே காட்டச் சொல்லுங்கள். பட்டன் பெயரைப் படமாகப் போட்டுச் சமாளிக்கலாம். நூறு அலாரத்துக்கு அது ஆகாது. ஓசூர் என்றால் கன்னடம், தெலுங்கு, இந்தி பேசுகிற ஆபரேட்டரும் இருப்பார், மொழி மாற்றும் பட்டனும் வேண்டும்.

மெஷினை ஓட்டும் கன்ட்ரோலரான உங்கள் பிஎல்சியோடு பேசுவதற்கான டிரைவர் சாஃப்ட்வேர் அந்த ஸ்கிரீனில் இருக்கிறதா என்பதையும் மாடல் நம்பரோடு எழுதி வாங்குங்கள். "மாட்பஸ் இருக்கு, பேசிடும்" என்பது பாதி பதில்; மாட்பஸ் என்பது கருவிகள் பேசிக்கொள்ளும் ஒரு பொது முறை மட்டுமே.

கடைசியாக, ஸ்கிரீனில் ஓடும் புரோகிராமின் மூலமான புராஜெக்ட் ஃபைல். ஸ்கிரீன் போனால் புதிது வாங்கிவிடலாம். உள்ளே ஓடிய புரோகிராம் சப்ளையரின் லேப்டாப்பில் மட்டும் இருந்து, ஸ்கிரீனிலிருந்து எடுக்கவும் பாஸ்வேர்டு தடுத்தால் புது ஸ்கிரீன் வெறும் பலகை. ஃபைலையும் பாஸ்வேர்டையும் வாங்கி, உங்கள் ஆளை வைத்தே ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். கடைசித் தவணைக்கு செக் எழுதுவது அதற்குப் பிறகு.